ஆவரேஜை நம்பாதீங்க பாஸ்!

கிளாஸ் ஆவரேஜ் 70 மார்க். ஹெச்.ஓ.டி. செம ஹேப்பி. ஆனா கடைசி பெஞ்ச்ல ஒருத்தன் அஞ்சு அரியரோட உட்கார்ந்திருப்பான். ஆவரேஜ் அவனைக் காட்டிக் கொடுக்காது. அணு உலையிலும் இதே கதைதான் ஃப்ரெண்ட்ஸ். என்ன... அங்கே தலைவலி தர்றது கடைசி ரேங்க் இல்லை, ஃபர்ஸ்ட் ரேங்க்!

நம்ம கூடங்குளத்தையே எடுத்துக்குவோம். முதல் யூனிட் 2013-ல் இயங்கத் தொடங்கியது. உள்ளே அறுகோண வடிவத்தில் 163 எரிபொருள் கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் முந்நூறுக்கும் மேற்பட்ட மெல்லிய கோல்கள். ஆக மொத்தம் ஏறக்குறைய 50 ஆயிரம். உலை தரும் வெப்பம் 3,000 மெகாவாட். வகுத்துப் பாருங்க, கோலுக்குச் சராசரி 60 கிலோவாட். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு கோல்!

ஆனா எல்லாக் கோலும் ஒரே மாதிரி உழைக்காது. கட்டுப்பாட்டுக் கோல் இறங்குவதற்கான குழாயில், அது மேலே இருக்கும்போது தண்ணீர்தான் நிற்கும். தண்ணீர் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும். மெதுவான நியூட்ரான் யுரேனியத்தை ஈஸியா பிளக்கும். அதனால பக்கத்துக் கோல்கள் கூடுதலா கொதிக்கும். ஓவரா போனா, கோலைச் சுத்தி நீராவிப் படலம் போர்வை மாதிரி மூடிக்கும். வெப்பம் வெளியேற முடியாம உறை சேதமாகும். உறையோட தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட கிடையாது. ஸோ, மொத்த உலையும் எவ்வளவு பவர்ல ஓடலாம்கிறதை அந்த ஒத்தைக் கோல்தான் தீர்மானிக்குது.

'அளந்து பார்க்க வேண்டியதுதானே?'ன்னு கேட்பீங்க. 50 ஆயிரம் கோலுக்கா? அளவுக் கருவிகள் சில கட்டுகளில் மட்டும்தான் இருக்கும். மத்ததெல்லாம் கணக்கு!

அந்தக் கணக்குக்கு ரெண்டு படி. முதல்ல ஒரே ஒரு கட்டை மட்டும் எடுத்து, சுத்தியும் கண்ணாடி வெச்ச மாதிரி, அதே கட்டு முடிவில்லாம இருக்குன்னு வெச்சுக்கிட்டு, உள்ளே எந்தக் கோல் எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைச்சல்னு துல்லியமா கண்டுபிடிப்பாங்க. அடுத்து, ஒவ்வொரு கட்டையும் கோலே இல்லாத ஒரே கலவையா பாவிச்சு, முழு உலைக்கும் வேகமா ஒரு கணக்கு. கடைசியில ரெண்டையும் பெருக்கினா ஒவ்வொரு கோலோட பவரும் கிடைச்சிடும். டவுன் பஸ் மாதிரிதான். எந்த பஸ்ல எவ்வளவு கூட்டம்னு ஒரு கணக்கு; பஸ்ஸுக்குள்ளே எந்த சீட் முதல்ல நிறையும்னு இன்னொண்ணு.

இதிலே ஒரு இடிக்கிற இடம் இருக்கு. நிஜ உலையில பக்கத்து வீட்டுக்காரன் கண்ணாடி பிம்பம் இல்லையே! புதுக் கட்டுக்குப் பக்கத்திலே ரெண்டு வருஷம் எரிஞ்ச பழைய கட்டு இருக்கும். அந்த எல்லையிலதான் கணக்கு தடுமாறும். தடுமாறும் அளவுக்கு பவரை அடக்கி வாசிக்கணும். அவ்வளவு கரன்ட் குறையும். அசட்டையா விட்டாலோ, உறைக்கு ஆபத்து.

'மான்டி கார்லோ' முறையில் கோடிக்கணக்கான நியூட்ரான்களை ஒவ்வொண்ணா பின்தொடர்ந்தா இந்தப் பிரச்னை இல்லை. ஆனா பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு நியூட்ரான் வேணும், கம்ப்யூட்டர் தவிக்கும். அதனால தினசரி வேலைக்கு ரெண்டு படி, சரிபார்க்க மான்டி கார்லோ.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுறவங்களுக்கு ஒரு டிப்ஸ்: 'ஓபன் எம்.சி.'ங்கிற சாஃப்ட்வேர் இலவசம். ஒரே ஒரு கட்டை உங்க லேப்டாப்லேயே ஓட்டிப் பார்க்கலாம். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துக் கோலை மட்டும் முதல்ல பாருங்க!