திருத்துவதா, மாற்றுவதா?

நமது வழக்கிலே 'திருத்துதல்' என்னுஞ் சொல்லுக்கு மதிப்பு அதிகம். மாணாக்கரின் கொப்பியைத் திருத்துகிறோம். ஓடாத மணிக்கூட்டையும் கொடுத்துத் திருத்துவிக்கிறோம். பழுதானதை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோனை ஊதாரி என்றே ஊர் சொல்லும். இக்குணத்தைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும் திருத்தக்கூடாத பழுதுகளும் உள. அமெரிக்காவிலே இலட்சக்கணக்கான வீடுகளில் இருக்கும் ஒரு வேட்டைத் துப்பாக்கியின் வரலாற்றைப் படித்தபின் இவ்வெண்ணம் என்னுள் உறுதிப்பட்டது.

றெமிங்டன் நிறுவனம் 1948இல் '721' என்ற றைபிளையும், 1962இல் அதன் வழிவந்த '700' என்ற றைபிளையும் விற்பனைக்கு விட்டது. இரண்டிற்கும் விசையை வகுத்தவர் மைக் வாக்கர் என்னும் பொறியியலாளர். குறி தவறாத துப்பாக்கி என வேட்டைக்காரர் அதனைக் கொண்டாடினர், அக்கொண்டாட்டம் பொய்யன்று. விசை இலேசாக, இழுபறியின்றி விடுபடுவது அதற்கொரு காரணம். பழுதின் வேரும் அங்கேயே இருந்தது.

தோட்டாவின் அடியைக் குத்தவேண்டிய ஊசியைப் பின்னே பிடித்து வைப்பது ஒரு தாங்கி. அத்தாங்கிக்கு முட்டுக்கொடுப்பது மற்றொரு சிறு உருக்குத் தகடு. வாக்கரின் அமைப்பில் இத்தகடு விசையோடு பிணைக்கப்படவில்லை. ஒரு சிறு சுருள்வில்லே இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. சுடுந்தோறும் தகடு விசையைவிட்டுச் சற்றே விலகி மீளும். அந்த இடுக்கிலே தூசோ, துருவோ, உறைந்த எண்ணெயோ புகுந்தால் அது தன்னிடத்துக்கு முற்றாக மீளாது. பாதுகாப்பு நெம்பு போட்டிருக்கும்வரை தாங்கியை அந்நெம்பே தூக்கி நிற்கும். நெம்பை விலக்கியதும் முட்டு இல்லை. விசையை எவரும் தொடாமலே வெடி தீரும்.

பழைய 700இல் இன்னுமோர் ஏற்பாடு இருந்தது. நெம்பு போட்டிருந்தால் தாழ் திறக்காது. தோட்டாவைக் கழற்றுவதற்கே நெம்பை விலக்கியாக வேண்டும். 1982இலேதான் இது கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில், மொன்டானா மாநிலத்தில் வேட்டைக்குச் சென்று திரும்பிய ஒரு தாய், தோட்டாவைக் கழற்ற நெம்பை விலக்கினாள். வெடி தீர்ந்தது. குதிரை ஏற்றும் வண்டியை ஊடுருவிய குண்டு அப்பால் நின்ற அவளது ஒன்பது வயது மகனைக் கொன்றது. விசையில் தன் விரல் படவில்லை என்றாள் அவள்.

வாக்கர் இவ்வபாயத்தை அறியாதவரல்லர். விசையை அசையாது பூட்டிவைக்கும் ஒரு மாற்றத்தை 1948இலேயே அவர் முன்மொழிந்தார். துப்பாக்கி ஒன்றுக்கு மேலதிகச் செலவு ஐந்தரைச் சதம். அது ஏற்கப்படவில்லை. 1979இல் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு, இருபது இலட்சம் துப்பாக்கிகளில் நூற்றுக்கு ஒன்று இவ்வாறு வெடிக்கக்கூடும் என்று கணக்கிட்டது. அந்த 20,000ஐக் கண்டுபிடிக்க இருபது இலட்சத்தையும் திருப்பியழைக்க வேண்டுமே என்று தயங்கி, அழைக்காமலே விட்டது. கணக்கிலே பிழையில்லை!

அமைப்பிலே குற்றமில்லை, பராமரியாமையும் கண்டவர் கையிட்டுத் திருகியதுமே காரணம் என்பது நிறுவனம் விடாது கூறிவந்த மறுமொழி. அதில் ஓரளவு உண்மையுண்டு என்றே வைத்துக்கொள்வோம். நாற்பது ஆண்டு பழைய துப்பாக்கியை யார் யார் திருகினர் என்பதை இன்று அறிவது எப்படி? திருத்துவோனிடம் கொடுத்தால் அவன் கழுவித் துடைத்து, நெம்பை நூறு முறை போட்டெடுத்துப் பார்த்து, பழுதொன்றும் இல்லை என்பான். அவன் பொய்யனல்லன். தூசு போய்விட்டது, ஆகவே பழுதும் அன்றைக்கு இல்லை. அடுத்த மாரியிலே ஈரமும் அழுக்கும் மீண்டும் புகும். பரீட்சையில் அகப்படாத இத்தகைய பிழையைத் திருத்திவிட்டதாக எவரும் கூறமுடியாது. ஆதலால் விசைத்தொகுதி முழுவதையும் மாற்றுவதே தக்கது என்பது எனது அபிப்பிராயம். இரண்டு ஊசிகளைத் தட்டியெடுத்தால் அது கழன்றுவிடும். எனினும் பூட்டிச் சரிபார்ப்பது தொழிலறிந்தவன் கையிலேயே நடக்கவேண்டும். புதியது என்பதனாலே மட்டும் நம்பிவிடவும் இயலாது. 2006 முதல் நிறுவனம் செய்த புதிய விசையும், உள்ளே மிகுதியாகப் பூசப்பட்ட ஒட்டுப்பசையால், 2014இல் திருப்பியழைக்கப்பட்டது.

வழக்கொன்றின் இணக்கத்தை 2017இல் நீதிமன்றம் அங்கீகரித்தது. ஏறத்தாழ 75 இலட்சம் துப்பாக்கிகள் அதில் அடங்கின. அவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு இலவசமாகப் புதிய விசை. அவ்வாண்டின் தொடக்கம்வரை கேட்டு விண்ணப்பித்தோர் 22,000 பேரளவில்தான். 2020இல் விண்ணப்பக் காலமும் முடிந்தது. அதே ஆண்டிலே நிறுவனமும் வங்குரோத்தாகித் துண்டு துண்டாக விற்கப்பட்டது. இனி மாற்றுவோர் தம் காசிலேயே, வேறு நிறுவனங்களின் விசையை வாங்கி மாற்றவேண்டியதுதான்.

காசைவிடப் பெரிய தடை பாசம் என்று நினைக்கிறேன். பாட்டன் தூக்கித் திரிந்த துப்பாக்கியின் ஓர் உறுப்பையேனும் கழற்ற மனம் வராது. அந்த மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பாட்டனின் கை பட்டு மெருகேறிய மரப்பிடியும், குழலும், தாழும் அப்படியேதான் இருக்கும். கழற்றிய விசையை ஒரு சிறு பெட்டியிலிட்டு மேசை லாச்சிக்குள் வைத்துக்கொள்ளலாம். கேட்கும் பேரப்பிள்ளைக்கு எடுத்துக் காட்டவும் உதவும்.