கடலில் நிற்கும் கரிக் கப்பல்கள்

ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்படும் நிலக்கரி, ரயிலேறிப் பாரதீப் துறைமுகத்தை அடைந்து, அங்கே கப்பலேறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்கி, நமது வீடுகளில் விளக்கை எரிய வைக்கிறது. இந்த யாத்திரையில் கப்பல் ஓடுகின்ற காலம் சொற்பமே. எண்ணூருக்கு இரண்டு மூன்று நாள். தூத்துக்குடிக்கு இலங்கையைச் சுற்றி வர வேண்டியிருப்பதால் மேலும் இரண்டு நாள். கப்பல் நங்கூரமிட்டு நிற்கின்ற காலமே பெரிய விஷயம். அந்தக் காலத்திற்கு விலையுண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் மின்கட்டணம் செலுத்தும் நமது ஜனங்கள். ஆயினும் நமது சட்டசபையிலோ பொதுக்கூட்டங்களிலோ இதைப் பற்றிய பேச்சைக் கேட்பது அரிதாயிருக்கிறது.

விஷயத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குவோம். ஒரு பயணத்திற்கென்று கப்பலை வாடகைக்குப் பேசும்போது, சரக்கை ஏற்ற இவ்வளவு நேரம், இறக்க இவ்வளவு நேரம் என்று உடன்படிக்கையில் எழுதிக்கொள்வது வழக்கம். கப்பல் துறைக்கு வந்து, தான் ஆயத்தமாயிருப்பதாக அதன் தலைவர் நோட்டீஸ் கொடுத்தபின், உடன்படிக்கையில் கண்டபடி கடிகாரம் ஓடத் தொடங்கும். குறித்த நேரம் கடந்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று டெமரேஜ் கொடுக்க வேண்டும். முன்னதாகவே வேலை முடிந்தால் கப்பல்காரர் நமக்கு டெஸ்பாட்ச் என்ற வெகுமதி தருவார். அது பெரும்பாலும் டெமரேஜில் பாதியே. இன்னொரு கொடுமையும் உண்டு. ஒருமுறை டெமரேஜில் விழுந்துவிட்ட கப்பலுக்கு, அதன்பின் மழையென்றும் விடுமுறையென்றும் சாதாரணமாகக் கழிவு கிடையாது. தாமதம் தாமதத்தையே வளர்க்கும் என்பது கப்பல் வியாபாரத்தில் எழுத்து மூலமான விதி.

கப்பலை மாதக் கணக்கில் குத்தகைக்கு எடுத்திருந்தாலோ டெமரேஜ் என்ற பெயரே எழாது. கப்பல் ஓடினாலும் நின்றாலும் தின வாடகை ஒன்றுபோலவே ஏறிக்கொண்டிருக்கும். பெயர் இல்லாததால் நஷ்டம் கணக்கிலும் தனியாகத் தெரிவதில்லை. நமது கரையோரக் கரிப் போக்குவரத்தில் இவ்விதக் குத்தகைகள் சாதாரணமாகையால், டெமரேஜ் எவ்வளவு என்று மட்டும் கேட்பவருக்குக் கிடைக்கும் விடை பாதி உண்மையாகவே இருக்கும்.

தாமதம் எங்கே பிறக்கிறது? துறைமுகத்தில் என்று பலர் நினைக்கின்றனர். துறைமுகம் அது வெளிப்படும் இடம் மட்டுமே. ஒரு கூட்ஸ் தொடர் ஏறக்குறைய 58 வாகன்களில் சுமார் 4,000 டன் கரி சுமக்கிறது. எழுபதினாயிரம் டன் ஏற்றும் கப்பல் ஒன்றை நிரப்ப அப்படிப்பட்ட 17, 18 தொடர்கள் வந்து சேர வேண்டும். நாளொன்றுக்கு மூன்று வந்தால் ஆறு நாள். ஒன்றே வந்தால் பதினெட்டு நாள். மழைக்காலத்தில் சுரங்கத்தில் நீர் தேங்குகிறது. நனைந்த கரி வாகனில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது. கோடையில் நாடெங்கும் மின்தேவை உயர்ந்தால், வாகன்கள் நேரடி ரயில்பாதை நிலையங்களுக்குத் திருப்பப்படுகின்றன. 2022-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கரித் தொடர்களுக்கு வழிவிடுவதற்காக ரயில்வே இலாகா பயணிகள் வண்டிகள் பலவற்றையே ரத்து செய்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வேளையில், யார்டில் கரி இருக்கிறதா இல்லையா என்று பாராமல் கப்பலை மட்டும் குறித்த தேதியில் பாரதீப்புக்கு வரவழைப்பது, மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய பிறகு நெல் குத்த உட்காருவதற்கு ஒப்பாகும்.

சுரங்கக் கம்பெனி கரியை வாகனில் ஏற்றிவிட்டதுடன் தன் கடமை தீர்ந்தது என்கிறது. ரயில்வே, துறைமுகத்தில் சேர்த்ததுடன் தீர்ந்தது என்கிறது. துறைமுகம் தன் மேடை காலியாயிருந்ததா என்று மட்டும் பார்க்கிறது. கப்பல்காரர் தம் வாடகையைப் பார்க்கிறார். மின்நிலையம் கரி வந்ததா என்று கேட்கிறது. ஐவரும் தத்தம் கணக்கில் நியாயஸ்தர்களே. ஐந்து கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கண் ஒன்று இல்லை என்பதே நமது குறை.

இவ்வியாதி நமக்கு மட்டும் உரியதன்று. உலகிலேயே மிகப் பெரிய கரி ஏற்றுமதித் துறையென்று பெயர் பெற்ற ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில், 2007-ம் ஆண்டின் நடுவில் கரிக்காகக் காத்திருந்த கப்பல்களின் வரிசை எழுபதைத் தாண்டியது. அவ்வாண்டு ஜூன் 8-ந் தேதி வீசிய கடும் புயலில், வெறுங்கப்பலாய்க் காத்திருந்த பாஷா பல்க்கர் என்ற பெரிய கப்பல் நகரத்துக் கடற்கரையிலேயே தரைதட்டியது. மாலுமிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர். ஜூலை மாதத்திலேதான் கப்பலை மீட்டார்கள். வரிசை ஏன் அவ்வளவு நீண்டது? முந்தி வந்தவருக்கு முந்தி என்பது அங்கிருந்த ஏற்பாட்டின் போக்கு. ஆகவே ஒவ்வொரு சுரங்கக்காரரும் தம் பங்கை இழந்துவிடாதிருக்கக் கப்பலை அவசரமாய் வரவழைத்து வரிசையில் நிறுத்தினார். ரயிலும் துறையும் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் கரி விற்பதாக ஒப்புக்கொண்டிருந்தனர். தனித்தனியே புத்திசாலித்தனமான காரியம், ஒன்றுசேர்ந்தால் மூடத்தனம்.

அவர்கள் செய்த பரிகாரம் என்ன? புதிய மேடை கட்டினார்கள். 2010-ல் மூன்றாவது முனையம் வேலை தொடங்கியது. அதனால் விளைந்த நன்மையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 2009-ல், சுரங்கக்காரர், ரயில்காரர், துறைமுகத்தார் ஆகிய அனைவரும் அங்கத்தினராகச் சேர்ந்த ஒருங்கிணைப்பு ஸ்தாபனம் ஒன்று பதிவாயிற்று. சுரங்கத்திலிருந்து கப்பல் வரையில் முழுச் சங்கிலியும் ஓராண்டில் எவ்வளவு கரி சுமக்கும் என்பதை அது கணக்கிட்டுச் சொல்லும். ரயிலிடமும் துறையிடமும் செய்துகொள்ளும் நீண்டகால ஒப்பந்தங்கள் அக்கணக்குக்குப் பொருந்தியிருக்க வேண்டும். உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும் என்பதால், வீணாக இடம் பிடித்து வைப்பதும் குறைந்தது. சில ஆண்டுகளில் கடலில் நின்ற வரிசை பெருமளவு சுருங்கியது. போட்டி போடும் முதலாளிகளே ஒரு மேசையில் உட்கார்ந்து தங்கள் தேதிகளைப் பகிர்ந்துகொள்ள முடியுமானால், ஒரே இராஜாங்கத்தின் கீழுள்ள நமது இலாகாக்களுக்கு அது ஏன் முடியாது?

நாம் கோருவது பெரிய மூலதனம் அன்று. யார்டில் ஒரு கப்பலுக்குரிய கரியில் பெரும்பகுதி சேர்ந்த பிறகே கப்பலுக்குத் தேதி கொடுக்க வேண்டும். பாரதீப்பில் மேடை காலியாக நான்கு நாள் ஆகும் என்று தெரிந்தால், கடலில் வரும் கப்பலுக்கு அதை அன்றே அறிவித்து வேகத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். வேகம் சிறிது குறைந்தாலும் எண்ணெய்ச் செலவு மிகவும் குறையும் என்பதைக் கப்பல்காரர் அனைவரும் அறிவர். விரைந்து வந்து நங்கூரமிடுவதால் எவருக்கும் லாபமில்லை. கப்பல் வாடகை, ரயில் வாகன், துறை மேடை மூன்றையும் சேர்த்து ஒரே அதிகாரியின் பொறுப்பில் விட்டு, ஒரு டன் கரி சுரங்கவாயிலிலிருந்து கொதிகலன் வரை வந்து சேர என்ன செலவாயிற்று என்ற ஒரே கேள்விக்கு அவரைப் பதில் சொல்லச் செய்ய வேண்டும். 2011-ல் ஹைகோர்ட் உத்தரவின்படி சென்னைத் துறையில் கரி இறக்குவது நின்று எண்ணூருக்குப் போனபின், ஒரு வாசலில் நெருக்கம் கூடியிருப்பதால் இது முன்னினும் அவசியமாகிறது.

நிற்க, சொந்தக் கப்பல் வாங்கினால் எல்லாம் தீரும் என்று நமது தேசபக்தர்களில் சிலர் சொல்வர். அவர்கள் மனம் நமக்கு விளங்காமலில்லை. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓட்டிய ஊர் நம்முடையது. இந்தியாவின் வெளிநாட்டு வர்த்தகத்தில் இந்தியக் கப்பல்களின் பங்கு 1987-88-ல் 40.7 சதவீதமாயிருந்து 2018-19-ல் 7.8 சதவீதமாக வீழ்ந்தது என்று மத்திய சர்க்காரே ஒப்புக்கொண்டிருப்பதைப் படிக்கும்போது வெட்கமாயிருக்கிறது. 1974-ல் நிறுவிய பூம்புகார் கப்பல் கழகத்திற்கும் ஒரு காலத்தில் சொந்தக் கரிக் கப்பல்கள் மூன்று இருந்தன. அவை மூப்படைந்து விலைபோயின. கப்பல் வாங்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் சொந்தக் கப்பலும் கரி இல்லாத துறையில் நின்றால் கடன் வட்டியும் மாலுமிச் சம்பளமும் அதன்மேல் ஏறும். பிறர் கப்பல் நின்றால் பில் வரும். நம் கப்பல் நின்றால் பில் வராது என்பதே வித்தியாசம். சேதுக் கால்வாயைப் பற்றிய வாதமும் இவ்வாறே. அதனால் மிச்சமாகும் என்று சொல்லப்பட்டது அதிகபட்சம் 30 மணி நேரம். கூட்ஸ் தொடர்கள் சில வராமற்போனால் அது கரைந்துவிடும்.

பெரிய துறைமுகங்களில் கப்பல் வந்து திரும்பும் சராசரி நேரம் 2013-14-ல் சுமார் 93 மணியாயிருந்து 2023-24-ல் 48 மணியாகக் குறைந்தது என்று டில்லி சொல்லுகிறது. சந்தோஷமே. எனினும் ஒரு நாளில் வேலை முடித்துப் போகும் கண்டெயினர் கப்பலையும் கரிக் கப்பலையும் கூட்டி வகுத்த சராசரி, கரியின் கதையைச் சொல்லாது. பிள்ளையவர்கள் சிறை சென்ற அதே 1908-ல் இயற்றிய துறைமுகச் சட்டம் 2025-ல்தான் மாற்றப்பட்டது; அவ்வாண்டே கரையோரக் கப்பல் போக்குவரத்துக்கும் தனிச் சட்டம் வந்தது. சட்டம் புதிதாயிற்று. யார்டில் கரி குவிப்பது சட்டத்தின் வேலையன்று.

ஆகவே அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் நமது அங்கத்தினர்கள் மின்சார மந்திரியை மூன்று கேள்வி கேட்க வேண்டும். சென்ற ஆண்டில் ஒவ்வொரு கரிக் கப்பலும் பாரதீப்பில் எத்தனை நாள், எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் எத்தனை நாள் நின்றது? நின்ற நாட்களுக்கு டெமரேஜாகவும் தின வாடகையாகவும் கொடுத்த தொகை தனித்தனியே எவ்வளவு? கப்பல் வந்து சேர்ந்த நாளன்று யார்டில் இருந்த கரி எத்தனை டன்? விடை கப்பல்வாரியாக, அச்சிட்டுச் சபையின் மேசையில் வைக்கப்பட வேண்டும்.