கோச்சுக்கு 31, ப்ளேயருக்கு 38... வயசை வெச்சு மட்டும் எடைபோடலாமா?

2024 கோடையில் இங்கிலாந்தின் ப்ரைட்டன் க்ளப் புது ஹெட் கோச்சை அறிவிச்சது. பெயர் ஃபேபியன் ஹுர்ஸெலர். வயசு 31. பிரீமியர் லீக் வரலாற்றிலேயே மிக இளம் நிரந்தர கோச். அவர் டீமில் இருந்த ஜேம்ஸ் மில்னருக்கு அப்போ 38!

'இந்தப் பையன் சொன்னா சீனியர்ஸ் கேட்பாங்களா?' நியாயமான கேள்விதான். ஆனா, பிறந்த வருஷத்தை மட்டும் பார்த்து இதுக்குப் பதில் சொல்ல முடியாது. பார்க்கவேண்டிய விஷயங்கள் மூணு இருக்கு.

1. இதுக்கு முன்னாடி என்ன செஞ்சார்?

2016 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் க்ளப், 28 வயசு யூலியான் நாகல்ஸ்மானிடம் டீமை ஒப்படைச்சது. அப்போ 18 அணிகளில் அதற்கு 17-வது இடம். முழங்கால் காயத்தால் 20 வயசிலேயே ஆட்டத்தை விட்டவர் நாகல்ஸ்மான். ஆனா, அதே க்ளப்பின் 19 வயதுக்குட்பட்டோர் டீமை 2014-ல் ஜெர்மனி சாம்பியன் ஆக்கியவர். அந்த அனுபவம் கைகொடுத்தது. டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பி, அடுத்த சீசனில் 4-வது இடம் பிடிச்சது.

எதிர் உதாரணம், ஆந்த்ரேயா பிர்லோ. 2006 உலகக் கோப்பையை ஜெயிச்ச ஜாம்பவான். 2020-ல் யுவென்டஸ் கோச் ஆனப்போ வயசு 41. ஆனா, அதுவரை ஒரு சீனியர் மேட்சுக்குக்கூட கோச்சாக இருந்ததில்லை. தொடர்ந்து 9 முறை லீக் ஜெயிச்ச டீம், 4-வது இடத்துக்கு இறங்கியது. இத்தாலி கோப்பையை ஜெயிச்சும் ஒரே சீசனில் வேலை போச்சு.

2. எந்த டீமுக்குப் போறார்?

ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ் 2010-11 சீசனில் போர்ட்டோவுக்கு ஒரு தோல்விகூட இல்லாமல் லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தார். கூடவே யூரோப்பா லீக் கோப்பையும். உடனே செல்சி தூக்கிக்கிட்டுப் போச்சு. அங்கே லாம்பார்டுக்கும் இவருக்கும் ஒரே வயசு, 33. வருஷக்கணக்கில் கோலோச்சிய சீனியர்களை பெஞ்சில் உட்காரவைக்க, போர்ட்டோ வெற்றி மட்டும் போதலை. 2012 மார்ச்சில் நீக்கம். அதே ஆள்தான், ஆனா வேலை வேற.

3. தோக்கும்போது க்ளப் கூட நிக்குமா?

மிகெல் ஆர்டெட்டா 37 வயசில் ஆர்சனலுக்கு வந்தார். முதல் 2 சீசனிலும் 8-வது இடம்தான். க்ளப் பொறுத்துக்கிட்டது. பிறகு தொடர்ந்து 3 சீசன் 2-வது இடம். பேயர்ன் மியூனிக் அப்படி இல்லை. 2022-ல் லீக் ஜெயிச்சுக்கொடுத்த நாகல்ஸ்மானை, அடுத்த மார்ச்சில் சீசன் நடுவிலேயே அனுப்பிட்டாங்க. ஆறே மாசத்தில் அவர் ஜெர்மனி தேசிய அணிக்கு கோச்! வேலை போனதாலேயே ஒருத்தர் 'ரெடி இல்லை'ன்னு ஆயிடாது.

இப்போ ஹுர்ஸெலருக்கு வருவோம். 23 வயசிலேயே ஒரு சின்ன க்ளப்பில் ப்ளேயர்-கோச். பிறகு செயின்ட் பவுலி டீமை இரண்டாம் டிவிஷன் சாம்பியனாக்கி, பண்டஸ்லிகாவுக்கு ஏத்தினவர். அடுத்துதான் ப்ரைட்டன். முதல் சீசனில் 8-வது இடம்.

அடுத்த தடவை உங்க ஃபேவரைட் டீம் ஒரு முப்பது வயசுக்காரரை கோச்சாக்கினா, 'சின்னப் பையன்'னு கமென்ட் போடறதுக்கு முன்னாடி இந்த மூணையும் கேட்டுப் பாருங்க. ஆபீஸில் 27 வயசில் 'டீம் லீட்' ஆகி முழிச்சுக்கிட்டிருக்கிறவங்களுக்கும் இதே மூணு கேள்விதான். அதில் மூணாவதுக்குப் பதில் சொல்லவேண்டியது அவங்க இல்லை, பொறுப்பைக் கொடுத்தவங்க.