கேட்டுக்கொண்டிருப்பவரைக் கேட்காமல்

மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து முடிந்து இராப்பத்து தொடங்கிவிட்டால், திருவாய்மொழியின் 1,102 பாசுரங்களும் நாளுக்கு ஒரு பத்தாக, ஏறக்குறைய நூற்றுப்பத்து பாசுரங்களாக, பத்து நாளில் நிறைவுபெறும். நம்மாழ்வார் அதை அந்தாதியாக அமைத்திருக்கிறார். ஒரு பாசுரம் முடிகிற சொல்லில் அடுத்த பாசுரம் தொடங்கும். வரிசை குலைந்தால் தொடை அறுந்துவிடும். ஊரைவிட்டுப் போய் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு இதைப் போனில் கேட்கிற ஒருவருக்கு ஒலிச்செயலியிடம் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இருக்காது. போட்ட வரிசையில் பாட வேண்டும். ஒரு வரி காதில் சரியாக விழவில்லை என்றால் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கேட்க முடிய வேண்டும். 2023 அக்டோபரில் ஸ்பாட்டிஃபை இந்தியாவின் இலவசப் பயனாளர்களுக்குக் கட்டுப்படுத்தியது இவற்றைத்தான். விரும்பிய வரிசையில் கேட்பது, பாட்டுக்குள் முன்பின் நகர்வது, கேட்டதையே திரும்பப் போடுவது எல்லாம் கட்டணம் செலுத்துவோருக்கு என்று ஆயிற்று. 2019 பிப்ரவரியில் அந்நிறுவனம் இங்கே கடை திறந்தபோது இவை சும்மா கிடைத்தன. நான்கரை ஆண்டுகளில் பழகிப்போன ஒரு வசதி, ஒரு அப்டேட்டில் போயிற்று. 2025 செப்டம்பரில், விரும்பிய பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கேட்கும் வசதியை இலவசப் பயனாளர்களுக்கு உலக அளவில் அதே நிறுவனம் அறிவித்தபோது அதைப் புதுச் சலுகையாகக் காட்டியது.

ஒரு செயலிக்குள் எந்தப் பட்டன் எங்கே இருந்தால் என்ன, நாட்டில் இதைவிடப் பெரிய பிரச்சினைகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனாலும் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. காரணம், அப்டேட் என்ற ஒரே உறைக்குள் இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று பழுது பார்ப்பது. மற்றொன்று, இருந்ததை எடுத்துக்கொண்டு போவது. முதலாவதற்கு நாம் கொடுத்த அனுமதியில் இரண்டாவதும் சேர்ந்து நுழைந்துவிடுகிறது. பெரும்பாலான போன்களில் அப்டேட் தானாகவே இறங்கும்படி வைத்திருக்கிறோம். இரவில் சார்ஜில் கிடக்கும்போது அது இறங்கி முடிந்துவிடும். காலையில் என்ன மாறியது என்று தேடிப்போனால், ‘பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான் பல செயலிகளில் இருக்கும். எது போனது என்று அந்த வரி சொல்லாது. குக்கருக்கு கேஸ்கட் மாற்ற வந்தவர் போகும்போது வெயிட்டை எடுத்துக்கொண்டு போனால் நாம் சும்மா விடமாட்டோம். செயலி விஷயத்தில் மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

இதில் மிகத் தெளிவான சாட்சியம் அமெரிக்காவின் சோனோஸ். வீட்டுக்குள் வைக்கும் விலை உயர்ந்த ஸ்பீக்கர்களைச் செய்கிற நிறுவனம். அந்த ஸ்பீக்கர்களை இயக்குவது அதன் செயலிதான். 2024 மே 7ஆம் தேதி செயலியை அடியோடு மாற்றி வெளியிட்டார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் தூங்கிப்போனால் தானாக நிறுத்தும் ஸ்லீப் டைமர் அதில் இல்லை. அலாரம் வைக்க முடியவில்லை. அடுத்து என்ன பாட வேண்டும் என்ற வரிசையைத் திருத்த முடியவில்லை. வீட்டுக் கணினியில் சேர்த்துவைத்த பாடல்களைத் தேட முடியவில்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் சரியாக வேலை செய்யவில்லை. ஜூலையில் தலைமைச் செயல் அதிகாரி பாட்ரிக் ஸ்பென்ஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். சரிசெய்ய 2 முதல் 3 கோடி டாலர் வரை செலவாகும் என்று ஆகஸ்டில் நிறுவனமே மதிப்பிட்டது. 2025 ஜனவரியில் அவர் பதவி விலகினார். ஒரு ஸ்லீப் டைமர்தானே என்று நினைத்தவர்கள் கொடுத்த விலை அது. ஆனால் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. பழைய செயலியையே திருப்பிக் கொடுங்கள் என்று பயனாளர்கள் கெஞ்சினார்கள். அதைத்தான் செய்ய நினைத்தோம், ஆனால் அதற்குப் பின்னாலிருந்த அமைப்பையே மாற்றிவிட்டதால் பழையதைத் திரும்ப வெளியிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று நிறுவனம் கைவிரித்தது. காசு கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர் வரவேற்பறையில் அப்படியே இருக்கிறது. அதன் பாதி வேலைகளுக்குப் போகிற கதவு மட்டும் இடிக்கப்பட்டுவிட்டது. திரும்பி வரும் வழியை விட்டுவைக்காமல் முன்னே போனதுதான் அங்கே நடந்த முதல் தவறு.

கேட்பவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் இந்த அனுபவம் திருச்சிக்குப் புதிதல்ல. இந்த ஊரின் வானொலி நிலையம் 1939 மே 16 அன்று ராஜாஜி தொடங்கிவைத்தது. சென்னைக்கு அடுத்து தமிழுக்குக் கிடைத்த பெரிய ஒலிவாசல். மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ், பண்பலையில் 102.1 என்று முள்ளை வைத்தால் போதும். எந்தக் கடையில் வாங்கிய பெட்டியிலும் அது கேட்கும். அந்தப் பெட்டிக்கு அப்டேட் கிடையாது. ஆனால் நிலையத்துக்கு உண்டு. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கர், திரையிசை ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். வடக்கே இந்திப் பாடலுக்கும், இங்கே தமிழ்ப் பாடலுக்கும் கொழும்புதான் கதி என்று ஆனது. கடைசியில் 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித் பாரதியைத் தொடங்கி, போன கூட்டத்தைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. அமைச்சரின் முடிவைத் திருத்தியது கேட்பவர்களின் கையிலிருந்த திருகுதான். பெட்டி அவர்களுடையது, எந்த நிலையமும் அதற்குள் கைவிட்டு இலங்கை அலைவரிசையை அழித்துவிட முடியாது. இன்றைய செயலியில் அந்தத் திருகும் நிலையத்தாரின் கையிலேயே இருக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்து இதுதான், இது ஒன்றும் சிறிய வித்தியாசமில்லை.

பிடிக்கவில்லை என்றால் வேறு செயலிக்குப் போகலாமே என்பது உடனே வருகிற பதில். எங்கே போவது? கானா 2022 செப்டம்பரில் இலவசச் சேவையை நிறுத்தியது. ரெஸ்ஸோ 2024 ஜனவரி முடிவில் இந்தியாவில் மூடப்பட்டது. ஏர்டெல்லின் விங்க் மூடப்படும் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை 2024இல் உலகம் முழுக்க எடுத்துவிட்டது. போகலாம் என்று சொல்லப்படும் கடைகளே ஒவ்வொன்றாகக் கதவடைக்கின்றன. ஒரு கடை திறந்திருந்தாலும், பல ஆண்டுகள் உட்கார்ந்து கோத்த பாட்டுப் பட்டியல் பெரும்பாலும் பழைய செயலியிலேயே தங்கிவிடும். டவுன்லோட் செய்து வைத்ததும் வேறு செயலியில் ஓடாது. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது கட்டிலையும் பீரோவையும் எடுத்துப்போக முடிகிறது. இங்கே பாத்திரங்களைக்கூட விட்டுவிட்டு வெறுங்கையோடுதான் வெளியே வர வேண்டும். 2017இல் சரிகம நிறுவனம், பழைய வானொலிப் பெட்டி மாதிரி இருக்கும் கார்வானை வெளியிட்டபோது, கையில் போன் இருந்தும் எத்தனையோ வீடுகளில் அதைப் பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்தார்கள். இணையம் வேண்டாம், பாட்டெல்லாம் உள்ளேயே இருக்கிறது. நேற்று இருந்த பட்டன் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. அந்த நிச்சயத்துக்கு மக்கள் காசு கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்பதை நிறுவனங்கள் கவனித்திருக்க வேண்டும்.

இலவசமாகத் தருவதில் எதைத் தருவது, எதை நிறுத்துவது என்பது கொடுப்பவர் விருப்பம் என்ற வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பாடகருக்கும் இசையமைப்பாளருக்கும் பணம் போக வேண்டும், விளம்பரத்தில் மட்டும் அது வராது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கட்டணம் கேட்பதில் தவறில்லை. ஆனால் தாராளமாகக் கொடுத்து ஆளைச் சேர்த்து, பழக்கமாக்கி, பட்டியல்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து கொட்ட வைத்தபிறகு, சொல்லாமல் கொள்ளாமல் பூட்டுப் போடுவது வேறு காரியம். இலவசம் என்பதும் முழு உண்மையல்ல. நடுநடுவே விளம்பரம் கேட்கிறோம். என்ன கேட்கிறோம், எந்நேரத்தில் கேட்கிறோம் என்ற விவரமும் நிறுவனத்துக்குப் போகிறது. இதை ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்திலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அதன் டிஜிட்டல் உள்ளடக்க நெறிமுறை, பணத்துக்குப் பதில் தனிப்பட்ட தகவலைக் கொடுப்பவரையும் நுகர்வோராகவே நடத்துகிறது. பயனாளருக்குப் பாதகமான மாற்றத்தை நிறுவனம் செய்வதானால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அவர் செலவில்லாமல் விலகிக்கொள்ள 30 நாள் தர வேண்டும். அல்லது மாற்றமில்லாத பழைய வடிவத்தையே வைத்துக்கொள்ள வழிசெய்ய வேண்டும். இங்கே 2020இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, இலவசமாகத் தரப்படும் சேவையைத் தன் வரம்பிலேயே சேர்க்கவில்லை. கட்டணம் செலுத்தியவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மற்றவருக்குப் படியேற வழியில்லை.

மென்பொருள் எழுதுபவர்கள் சொல்லும் தடையைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். பழைய வடிவங்களையெல்லாம் காலகாலத்துக்கும் பராமரிக்க முடியாது, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காமல் விட்டால் பயனாளருக்குத்தான் ஆபத்து என்கிறார்கள். உண்மை. ஆனால் ஓட்டையை அடைப்பதையும் வசதியை எடுப்பதையும் ஒன்றாகக் கட்டியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கும் உபுண்டு இயங்குதளத்துக்கும் நீண்டகால ஆதரவு வடிவங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. தோற்றமும் வசதிகளும் பழையபடியே இருக்கும். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். சோனோஸே 2020இல், பழைய ஸ்பீக்கர் வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தபோது, அவர்களுக்குத் தனிச் செயலியும் புதியவர்களுக்குத் தனிச் செயலியுமாகப் பிரித்துக் கொடுத்தது. வேண்டும் என்று நினைத்தால் முடிகிற காரியம்தான் இது.

கொஞ்சம் பேர்தான் அதைப் பயன்படுத்தினார்கள், அதனால் எடுத்தோம் என்பது இன்னொரு சமாதானம். எத்தனை பேர் தொட்டார்கள் என்று எண்ணலாம். தொட்டவருக்கு அது எவ்வளவு தேவை என்பதை அந்த எண்ணிக்கை காட்டாது. திருச்சி புத்தூரில் பார்வைக் குறைபாடுள்ள மாணவியருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. போனைப் பார்க்காமல் கேட்டுப் பயன்படுத்தும் ஒரு மாணவி திரையில் விரலை நகர்த்தினால், விரலுக்குக் கீழே இருப்பதைத் திரைவாசிப்பான் சொல்லும். ‘வேகம், பட்டன்’ என்று அது சொன்னால் பாடத்தின் ஒலிப்பதிவை மெதுவாக்கிக் கேட்கலாம். புதிய வடிவமைப்பில் அந்தப் பட்டனுக்குப் பெயர் கொடுக்க யாராவது மறந்துவிட்டால், ‘பட்டன்’ என்று மட்டும் ஒலிக்கும். அடுத்ததும் ‘பட்டன்’. அதற்கடுத்ததும் ‘பட்டன்’. கண்ணுள்ளவருக்கு அரை நிமிட எரிச்சலாக இருக்கும் ஒரு மாற்றம், அவளுக்குப் பாடமே நின்றுபோவதாக ஆகிவிடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆவது பிரிவு ஒலி, மின்னணு ஊடகங்கள் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்றே தீர்ப்பளித்தது. முன்பு இருந்த அணுகலை ஓர் இரவில் பறிக்கும் அப்டேட்டை இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் நிறுவனத்தின் உள்விவகாரம் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில், பயனாளரை ஏமாற்றும் வடிவமைப்பு உத்திகள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தலையில் கட்டுவது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் மடக்குவது எல்லாம் அதில் இருக்கின்றன. பழுது பார்ப்பதாகச் சொல்லி வசதியைப் பறிப்பது அதில் தனியாக இல்லை. அதை 14ஆவதாகச் சேர்க்க வேண்டும். இலவசப் பயனாளருக்கும் அது பொருந்த வேண்டும். எடுக்கப்போகும் வசதியைப் பெயர் சொல்லி, பயனாளர் தேர்ந்தெடுத்த மொழியில், அதாவது இங்கே தமிழில், 30 நாள் முன்பே செயலிக்குள் காட்ட வேண்டும். பாட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியேற ஒரு பட்டன் இருக்க வேண்டும். பழைய வடிவத்தோடு இருக்க விரும்புகிறவருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்தது ஓராண்டாவது வர வேண்டும்.

சட்டம் வருவதற்குக் காத்திருக்காமல் தொடங்கக்கூடியவர்களும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். துவாக்குடியின் தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து ஆண்டுதோறும் பொறியாளர்கள் கிளம்பிப் போகிறார்கள், நவல்பட்டு ஐ.டி. பூங்காவில் பலர் உட்கார்ந்து நிரல் எழுதுகிறார்கள். ஒரு வசதியை நீக்கும் வரியை எழுதுவதற்கு முன் அவர்கள் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. திரைவாசிப்பானைப் போட்டுவிட்டு, திரையை அணைத்துவிட்டு, நூறு பாசுரத்தை வரிசையாகக் கேட்டு, நடுவில் நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா என்று பார்க்கலாம். முடியவில்லை என்றால் அந்த அப்டேட்டை அன்றிரவு வெளியே விடக்கூடாது.