விட்மனும் வசம்பும்

சென்ற ஆண்டு நம் தமிழ் மன்றத்தில் அமெரிக்கப் புலவர் வால்ட் விட்மனைப் பற்றிப் பேசினேன். நிலைத்திணை நூல் பயிலும் முதுகலை மாணவனுக்குப் பாட்டு ஆராய்ச்சி எதற்கு என்று கேலி செய்த நண்பர்களும் கைதட்டினார்கள். ஆனால் அந்தப் பேச்சில் நான் ஒரு பிழை செய்தேன். அதைத் திருத்திக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

விட்மன் நமக்குப் புதியவர் அல்லர். 'நகரம்' என்னும் கட்டுரையில் பாரதியார் அவரைத் தமிழர்க்கு அறிமுகம் செய்தார். ந. பிச்சமூர்த்தியின் புதுக்கவிதை முயற்சிக்குத் தூண்டுகோலாய் இருந்ததும் விட்மனின் 'புல்லின் இதழ்கள்'தான். 1855-இல் முதன்முதல் வெளிவந்த அந்நூலின் மூன்றாம் பதிப்பு 1860-இல் வந்தது. அதில் 'கலாமஸ்' என்னும் தலைப்பில் 45 பாடல்களைப் புலவர் சேர்த்தார். ஓர் ஆண் மற்றோர் ஆணை எண்ணி உருகுவதும், பிரிவில் வாடுவதும், அவன் அருகில் இருக்கும்போது அமைதி கொள்வதுமே அவற்றில் பலவற்றின் பொருள்.

அன்று ஒரு நண்பர் எழுந்து, "இது காதலா?" என்று கேட்டார். "இல்லை, கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் கொண்ட நட்புப் போன்றது" என்றேன். அவையில் நிம்மதியான சிரிப்பு எழுந்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. இரவு விடுதிப் படிக்கட்டில் அவர் என்னிடம் சொன்னார்: "அந்தப் புத்தகத்திலாவது என்னைப்போல் ஒருவன் இருக்கிறான் என்று நினைத்திருந்தேன். அவனையும் வெளியே அனுப்பிவிட்டீர்களே!"

விடுமுறைக்குக் கொல்லங்கோடு சென்றபோதும் அந்தச் சொல் என்னைத் தொடர்ந்தது. எங்கள் குடும்பம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி அங்கே குடியேறியது. தந்தையார் முதலமடை மாந்தோப்புகளில் வேலை பார்க்கிறார். ஒருநாள் அந்தி வேளையில், அக்காள் குழந்தையின் கையில் அம்மா ஏதோ ஒரு வேர்த்துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். "வசம்பா அம்மா?" என்றேன். "விளக்கு வைக்கிற நேரத்தில் அது பேரைச் சொல்லாதே, கண்ணு!" என்று அதட்டினார். எங்கள் வீட்டில் அதற்குப் 'பேர் சொல்லாதது' என்பதே பேர். வேலிக்கு அப்பால் நின்ற மலையாளத்து அம்மையாரோ, "வயம்பு!" என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. விட்மன் தம் பாடல்களுக்குச் சூட்டிய பெயரும் அதுதானே! நம் வகுப்பில் கலாமஸ் என்றால் பிரம்பின் பேரினம். புலவர் கருதியது பிரம்பு அன்று. குளக்கரையில் மணம் வீசி வளரும் அக்கோரஸ் இனத்து வசம்பு.

அறிவியல் மாணவன் சான்று கேட்கவேண்டும். கேட்டுத் தேடினேன். விட்மனின் பாடல் ஒன்று, ஒரு நகரத்தில் சந்தித்த பெண்ணை நினைவுகூர்வதாக அச்சில் இருக்கிறது. கையெழுத்துப் படியில் அங்கே இருப்பவன் ஆண். இதைக் கண்டறிந்து எழுதியவர் ஆய்வாளர் எமரி ஹாலோவே. வாசிங்டனில் குதிரை டிராம் வண்டியின் நடத்துநராக இருந்த பீட்டர் டாயில் விட்மனுக்கு மிக நெருங்கியவர். 1870-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் விட்மன் அவர் பெயரை எழுதவில்லை. '16.4' என்று எழுதினார். ஆங்கில நெடுங்கணக்கின் பதினாறாம் எழுத்தும் நான்காம் எழுத்தும் அவர் பெயரின் முதலெழுத்துகள்! 'அவன்' என்று எழுதிய இடத்தையும் அழித்து, 'அவள்' என்று மாற்றி வைத்தார்.

மறுபக்கமும் உண்டு. ஆங்கில அறிஞர் சைமண்ட்ஸ் வெளிப்படையாகக் கேட்டபோது, 1890-இல் விட்மன் அதைக் கடுமையாக மறுத்தார். தமக்கு ஆறு பிள்ளைகள் என்றும் எழுதினார். அவர்களில் ஒருவர் இருந்ததற்கும் சான்று கிடைக்கவில்லை. தோழமையே குடியரசைப் பிணைக்கும் என்று அரசியற் பொருளும் அவர் கூறியதுண்டு. அதுவும் உண்மையாக இருக்கட்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பதுதான் தவறு. புலவரின் படுக்கையறையைச் சோதிப்பது நம் வேலையன்று. பாட்டில் இருப்பதைப் பாட்டில் இருப்பதாகச் சொன்னால் போதும்.

பிசிராந்தையாரின் நட்பு காணாமலே நிறைந்த நட்பு. கலாமஸ் பாடல்களின் உள்ளமோ காணாமல் தவிக்கிறது. அவனும் என்னை விரும்புகிறானா என்று ஐயுறுகிறது. இரண்டும் ஒன்றாகுமா? ஆழ்வார்களின் நாயகி பாவமும் பொருந்தாது. அங்கே ஆணாகிய அடியார் பெண்ணாகி இறைவனை நாடுகிறார். இங்கே ஆண் ஆணாகவே நின்று பாடுகிறான்.

"நம் அகத்திணையில் இது உண்டா?" என்று கேட்பீர்கள். அகத்திணை தலைவனையும் தலைவியையுமே பேசிற்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அகப்பாட்டில் ஆளின் பெயரைச் சுட்டக்கூடாது என்றுதான் தொல்காப்பியர் விதித்தார். காதலைக் காதல் என்று சொல்லக்கூடாது என்று அவர் எங்கே விதித்தார்?

கலாமஸ் வந்த அதே 1860-இல்தான் இந்தியத் தண்டனைச் சட்டமும் இயற்றப்பட்டது. அதன் 377-ஆம் பிரிவு இத்தகைய உறவைக் குற்றமாக்கியது. மனம் ஒத்த வயது வந்தோரிடையே அது குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 2018 செப்டம்பர் 6. சட்டம் திருந்த 158 ஆண்டுகள் ஆயின. ஒரு மன்றப் பேச்சாளன் திருந்த ஓராண்டு போதாதா?

வசம்பை நெடுங்காலம் சேம்பின் குடும்பத்தில் வைத்திருந்தோம். இன்று அது தனிக் குடும்பம். செடி மாறவில்லை, நம் அறிவு திருந்தியது. என் பேச்சையும் அவ்வாறே திருத்துகிறேன்: கலாமஸ் காதற்பாட்டு.

அம்மா அதன் பெயரைச் சொல்லாவிட்டாலும் வீட்டில் இடம் கொடுத்திருக்கிறார்; பேரப்பிள்ளையின் கையிலே கட்டியிருக்கிறார். நானோ அன்று பெயரும் சொல்லவில்லை, இடமும் கொடுக்கவில்லை. படிக்கட்டில் என்னிடம் பேசிய அன்பரே, அவன் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறான். அடுத்த கூட்டத்திற்கு நீங்களும் வரவேண்டும்.