கதைப்புத்தகம் வேண்டாமாம்!

ஊர்ச் சொந்தங்களே, கொஞ்சம் நீளமான பதிவு. ஏச விரும்புகிறவர்கள் தாராளமாக ஏசுங்கள். வாசித்துவிட்டு ஏசுங்கள்.

எங்கள் பொது நூலகத்துக்கு இந்த வருடம் புதிய புத்தகம் வாங்கக் காசு ஒதுக்கியாயிற்று. வாங்கப் போகும் புத்தகங்களின் பட்டியல் கைமாறி எங்களிடமும் வந்து சேர்ந்தது. புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள், ஓ.எல். பாஸ் பேப்பர், ஏ.எல். குறிப்புகள், பொது அறிவு, 30 நாளில் ஆங்கிலம், வாழ்க்கையில் வெல்வது எப்படி. கடைசியில், ஊரில் வெளியீட்டு விழா நடந்த ஒரு கவிதைத் தொகுப்பில் கட்டுக்கட்டாகப் பிரதிகள். நாவல் இல்லை. சிறுகதை இல்லை. ஒரு மனிதர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிய புத்தகம் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டோம். "கதைப்புத்தகத்துக்கு ஊர்க்காசைக் கொட்ட ஏலாது" என்றார்கள்.

ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம் என்று பெனர் கட்டிப் பேச்சுப்போட்டி வைப்பதும் இதே ஆட்கள்தான். எதை வாசிக்கச் சொல்கிறார்கள், பாஸ் பேப்பரையா?

நாங்கள் படிப்பிக்கிற ஆட்கள். வினாத்தாளின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பாடசாலை இருக்கிறது, டியூசன் இருக்கிறது. பாடத்திட்டம் மாறினால் அந்தப் புத்தகங்கள் பழைய பேப்பர்காரருக்குத்தான். பொது நூலகம் சோதனை எழுதி முடித்தவர்களுக்கும் சொந்தமானது. வளைகுடாவில் பாதி ஆயுளைத் தொலைத்துவிட்டு வந்து வீட்டில் இருக்கும் காக்கா, ஸ்டாண்டில் ஹயருக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரத் தம்பி, பென்சன் எடுத்த சேர், தான் வராமல் மகனிடம் காட்டைக் கொடுத்து "உம்மாக்கு ஒரு கதைப்புத்தகம் எடுத்து வா" என்று அனுப்பும் தாய். இவர்களுக்கு அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது?

அந்தத் தாய் கேட்பது ரமணிசந்திரனாக இருக்கும். இருக்கட்டுமே. இந்த இடத்தில் எங்கள் இலக்கிய நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்: புத்தகத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் திகதித் தாளைப் பாருங்கள். ஊர் எதை எடுத்துப் போகிறது என்று அது சொல்லும். யாரும் தொடாத கனத்த நூல்களை மட்டும் வாங்கி அடுக்குவதும் ஊர்க்காசை வீணாக்குவதுதான். ரமணிசந்திரனுக்குப் பக்கத்தில் வேறு எழுத்தும் இருந்தால் ஒரு நாள் கை அங்கும் போகும். இல்லாத புத்தகத்தை எந்தக் கை எடுக்கும்?

அடுத்தது, மார்க்கத்தை இழுத்துக்கொண்டு வரும் வாதம். கதை பொய்யாம், பொய்யை வாசிப்பது நேர விரயமாம். சூறா யூஸுஃப் முழுக்க ஒரு நபியின் வாழ்க்கைக் கதை. சீறா என்று நாங்கள் படிப்பது வாழ்க்கை வரலாறு. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இருந்த இப்னு துஃபைல், தனித்தீவில் மானிடம் பால் குடித்து வளரும் ஒரு பிள்ளையைக் கற்பனை செய்து, அவன் சிந்தித்துச் சிந்தித்து இறைவனைக் கண்டடைவதாக 'ஹய் இப்னு யக்ளான்' எழுதினார். மதம் மாறி வந்த முஹம்மத் அஸதை மேடைக்கு மேடை புகழ்கிறோம். அவர் 1954இல் எழுதிய 'மக்காவுக்கான பாதை' என்ன? தன்வரலாறு. எங்கள் நாட்டில் 1885இலேயே தமிழில் 'அசன்பேயுடைய கதை' எழுதியவர் அறிஞர் சித்திலெப்பை. 'முஸ்லிம் நேசன்' நடத்தி, முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஓடித்திரிந்த மனிதர். அவருக்கு அத்தனை வேலைக்கு நடுவிலும் நாவல் எழுத நேரம் இருந்திருக்கிறது. எங்களுக்கு வாசிக்க நேரம் இல்லையாம்.

சமூகத்தின் பெயர் கெட்டுவிடும் என்று இன்னொரு பயம். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', ஏறாவூர் ஸர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' என்றாலே சிலருக்கு முகம் கறுக்கிறது. வாசித்துவிட்டுக் கறுத்தால் பேசலாம். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில், ஊருக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதைப் பொறுக்காத முதலாளி ஒருவர் வருகிறார். அதுவும் சிலருக்குச் சுடும்தான்.

எல்லாவற்றிலும் பெரிய சண்டை, நாங்கள் மாற்றாகக் கொடுத்த பட்டியலில் தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' இருந்ததற்காக வந்தது. புலிகளின் மகளிர் அரசியற்பிரிவுப் பொறுப்பாளராக இருந்தவரின் புத்தகம், 2016இல் வந்தது. "காத்தான்குடிப் பள்ளியில் சுஜூதில் கிடந்தவர்களைச் சுட்டவர்களின் கதை எங்கட ஊருக்கு எதுக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருடைய கோபத்தை நாங்கள் மதிக்கிறோம். 1990 ஓகஸ்ட் எங்கள் எல்லோருக்கும் உள்ளே இருக்கிறது. அதே வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் 2 மணித்தியாலம். இதை யாரும் மறக்க வேண்டாம். ஆனால் வாசிப்பது மன்னிப்பதாகாது. அந்த இயக்கத்துக்குள் ஒரு பெண் பிள்ளை எப்படிப் போனாள், உள்ளே எதைக் கண்டாள், கடைசியில் எதைக் கேள்வி கேட்டாள் என்பதை, பாதிக்கப்பட்ட நாங்கள் அறியாமல் வேறு யார் அறிவது? புஷ்பராஜாவின் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்' நூலும் அதே காரணத்துக்காகத்தான் எங்கள் பட்டியலில் இருக்கிறது. அதே அலுமாரியில், புத்தளத்து அகதி முகாம்களில் வாழ்ந்தவர்கள் எழுதியவையும் இருக்க வேண்டும். "தமிழர்கள் எங்கட கதையைக் காது கொடுத்துக் கேட்கவில்லை" என்று எத்தனை கூட்டத்தில் குறைப்பட்டிருக்கிறோம். நாங்கள் அவர்களுடையதை வாசிக்காமல் அந்தக் குறையை எந்த முகத்தோடு சொல்வது?

சிங்களவர் விடயத்திலும் இதே கதைதான். அளுத்கம, திகன என்று அடிமேல் அடி வாங்கியபின் அயலவரைப் பற்றி எங்களிடம் இருப்பது பயமும் ஃபேஸ்புக் வதந்தியும்தான். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'வை 'கிராமப் பிறழ்வு' என்று தமிழுக்குத் தந்தவர் எங்கள் பேராசிரியர் உவைஸ். எங்கள் ஆள் மொழிபெயர்த்த புத்தகத்தைக்கூட எங்கள் நூலகத்தில் தேடினால் கிடைக்காது.

இன்னும் சொல்லலாம். ஓட்டமாவடி எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' எங்கள் மண்ணின் பேச்சிலேயே இருக்கிறது. சலூன் வேலை செய்துகொண்டே 'மல்லிகை'யை நடத்திய டொமினிக் ஜீவாவின் தன்வரலாற்றை, படிப்பு ஏறாது என்று நாங்கள் கைவிடும் பிள்ளைகள் வாசிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்து, பிறகு கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸைப் பற்றி எங்கள் ஏ.எல். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பரீட்சையில் வராத பெயர் என்பார்கள்.

பட்டியல் இன்னும் கையெழுத்தாகவில்லை. வருகிற வியாழன் வரை நேரம் இருக்கிறது. நூலகத்தில் வாசகர் கோரிக்கைக் கொப்பி ஒன்று உண்டு. உங்களுக்கு வேண்டிய புத்தகத்தின் பெயர், எழுத்தாளர் பெயர், உங்கள் காட் இலக்கம் மூன்றையும் எழுதுங்கள். வர முடியாத தாய்மார் பிள்ளைகளிடம் துண்டில் எழுதி அனுப்பினாலும் சரி, ரமணிசந்திரன் என்றாலும் வெட்கப்படாமல் எழுதுங்கள். கொப்பி மேசைமேல் இருக்காது, லாச்சிக்குள் இருக்கும். கேட்டு வாங்குங்கள்.