வான சாஸ்திரமும் கொங்கு நாட்டுப் பள்ளிகளும்

2019-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி காலையில் கொங்கு நாட்டு மக்களுக்கு இயற்கை ஒரு பெரும் பாக்கியத்தை அளித்தது. உதகமண்டலம், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய ஊர்களின் மேலாக அன்று வளைய சூரிய கிரகணத்தின் பாதை சென்றது. சுமார் ஒன்பதரை மணிக்குச் சந்திரன் சூரிய பிம்பத்தின் நடுவே வந்து நின்றது. அதைச் சுற்றிப் பொன் வளையம் போன்றதோர் ஒளி ஏறக்குறைய மூன்று நிமிஷம் விளங்கிற்று. அக்காட்சியைக் காணும் பொருட்டு வெளியூர்களிலிருந்து வான சாஸ்திரப் பிரியர்கள் வந்து சேர்ந்தனர். ஆயின், அந்தப் பாதையிலேயே பிறந்து வளர்ந்த சிறுவர் சிறுமியரில் எத்தனை பேர் அதைக் கண்ணாரக் கண்டனர்? அரையாண்டு விடுமுறைக் காலமாதலால் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தன. பல இல்லங்களில் கதவுகளும் மூடியிருந்தன.

கிரகணம் என்பது யாது என்ற வினாவுக்குப் பரீட்சையில் இதே குழந்தைகள் படத்துடன் பிழையின்றி விடை எழுதுகிறார்கள். முழு மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். அந்த விடையே உருவெடுத்து வாசலுக்கு வந்து நின்றபோது வீட்டினுள் இருந்துவிட்டார்கள். ஜனங்களின் மீது குறை சொல்வது நமது நோக்கமன்று. விடைத்தாளில் ஓர் உலகமும் வீட்டு வாசலில் வேறோர் உலகமுமாகக் குழந்தைகளை வளர்க்கும் கல்வி முறையைத்தான் நாம் குறை கூறுகிறோம். வான சாஸ்திரத்தின் ஆரம்பப் பாடங்களை நமது வானத்தைக் கொண்டே கற்பிக்க வேண்டும் என்பதும், அதற்கு வேண்டிய கருவிகள் யாவும் ஒவ்வொரு கிராமப் பள்ளியிலும் இப்பொழுதே இருக்கின்றன என்பதும் நமது அபிப்பிராயம்.

முதலில் பருவங்களை எடுத்துக் கொள்வோம். பருவங்கள் மாறுவதற்குக் காரணம் என்னவென்று ஏழாம் வகுப்பு மாணாக்கனைக் கேட்டுப் பாருங்கள். பூமி சூரியனை நெருங்கும்போது கோடையும், விலகும்போது குளிரும் உண்டாவதாகச் சொல்வோர் பலர். பெரியோர்களிலும் இவ்வெண்ணம் உடையவர் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. மார்கழிப் பனியில் நமது பெண்மக்கள் கோலமிடும் ஜனவரி முதல் வாரத்திலேதான் பூமி சூரியனுக்கு மிகவும் அருகில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், இருக்கிறது. ஆனி மாதத்தில், ஜூலை முதல் வாரத்தில், அத்தூரம் 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டராகிறது. ஆகவே பருவங்களுக்குக் காரணம் தூரமன்று. பூமியின் அச்சு சுமார் 23½ பாகை சாய்ந்திருப்பதே காரணமாகும்.

இதனை வாயினால் சொல்வதைவிட ஒரு கம்பு நன்றாகச் சொல்லும். பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள கம்பைச் செங்குத்தாக நாட்டுங்கள். கோயம்புத்தூரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் 12 மணிக்கன்று. நமது கடிகாரங்கள் கிழக்கே 82½ பாகைத் தீர்க்க ரேகையை அனுசரிப்பவை. நமது ஊரோ 77 பாகையை ஒட்டியது. ஆதலால் உச்சிவேளை சராசரியாகச் சுமார் 22 நிமிஷம் தாமதமாகிறது. அவ்வேளையில் நிழலை அளந்தால், டிசம்பர் 22-ஐ ஒட்டி அது வடக்கு நோக்கிச் சுமார் 68 சென்டிமீட்டர் நீளும். ஜூன் 21-ஐ ஒட்டி 22 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதுவும் தெற்கு நோக்கி விழும். இடையே ஏப்ரல் 18 அல்லது 19-ந் தேதியும், மறுபடி ஆகஸ்டு 24-ஐ ஒட்டியும் நிழல் கம்பின் அடியிலேயே அடங்கிப் போகும். ஏப்ரலில் இந்நாள் பொள்ளாச்சிக்கு ஒரு நாள் முன்னதாகவும், ஈரோட்டுக்கு ஒரு நாள் பின்னதாகவும் வரும். ஆகஸ்டில் இவ்வரிசை தலைகீழாகும். தேசத்தின் தலைநகரான டில்லிக்கு ஒரு நாளும் கிட்டாத காட்சி இது. கடக ரேகைக்குத் தெற்கே உள்ள நமக்கு ஆண்டில் இருமுறை கிட்டுகிறது.

இவ்வாறு அளக்கும் மாணாக்கன் வினாக்களையும் தானே எழுப்புவான். சூரியன் இருமுறை தலைக்கு மேல் வருமாயின், சித்திரையில் கொளுத்தும் வெயில் ஆவணியில் ஏன் அவ்வளவு இல்லை என்பான். அதற்கு விடை அவனுடைய ஊரிலேயே இருக்கிறது. வடக்கே நகரும் சூரியன் நிலப்பரப்பைக் காய்ச்ச, கடற்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அக்காற்று பாலக்காட்டுக் கணவாயின் வழியே பல்லடம், உடுமலைப் பக்கங்களில் பாய்ந்து காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மேகமும் வெயிலைத் தணிக்கிறது. மலைக்கு மேற்கே மழையைப் பெரும்பாலும் இறக்கிவிட்டு வருவதனால் நமது சமவெளிக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலுமே கிடைக்கிறது. ஆடிப் பட்டம் தேடி விதைக்கும் குடியானவனின் அனுபவமும், பூமியின் அச்சுச் சாய்வும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள். அப்படியிருக்க, இலையுதிர்ந்த மரமும் பனி மூடிய வீடும் வரைந்த நான்கு பருவப் படத்தைக் காட்டி, கொங்கு நாட்டுக் குழந்தையிடம் இதுவே பருவம் என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்?

அதே கம்பு இன்னொன்றையும் காட்டும். உத்தராயணம் தை முதல் தேதியில் பிறப்பதாக நாம் கொண்டாடுகிறோம். நிழலோ மார்கழியிலேயே, சுமார் மூன்று வாரங்களுக்கு முன்பே குறுகத் தொடங்கிவிடும். பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 வருஷங்களுக்கு ஒருமுறை பம்பரம் போல் தலை சுற்றுவதும், நமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை அனுசரித்து வருஷத்தைக் கணிப்பதுமே இவ்வித்தியாசத்துக்குக் காரணம். இதனால் பொங்கலின் பெருமை ஒரு சிறிதும் குறையாது. பொங்கலன்றும் வானத்தை ஆராயும் பிள்ளை ஒருவன் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பான். அது லாபமேயன்றி நஷ்டமன்று.

அடுத்தது சந்திரன். பிறை வளர்வதும் தேய்வதும் பூமியின் நிழலால் என்பது பரவலான மற்றொரு தப்பெண்ணம். மூன்றாம்பிறை சூரியன் மறைந்த திசையிலேயே தோன்றுகிறது. பூமியின் நிழலோ அதற்கு எதிர்த்திசையில் விழுகிறது. இது ஒன்றே அவ்வெண்ணத்தைத் தகர்க்கப் போதுமானது. தேய்பிறை அஷ்டமியன்று காலை வழிபாட்டு நேரத்தில் பாதி நிலா மேற்கு வானில் நிற்கும். அதன் பக்கமாக ஒரு பந்தை வெயிலில் உயர்த்திப் பிடித்தால், நிலாவில் ஒளிபடும் பாகமும் பந்தில் ஒளிபடும் பாகமும் ஒன்றாயிருக்கக் காணலாம். சந்திரனில் எப்பொழுதும் பாதி ஒளி பெறுகிறது. அந்தப் பாதியில் நமக்குத் தெரியும் அளவே நாளுக்கு நாள் மாறுகிறது என்பது ஒரே நிமிஷத்தில் விளங்கிவிடும்.

சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியைவிடச் சிறந்த வான சாஸ்திரப் புத்தகம் நடுநிலைப் பள்ளிக்குத் தேவையில்லை. சந்திரன் நட்சத்திரங்களிடையே ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு 27⅓ நாள். ஆகவே நட்சத்திரங்கள் 27. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29½ நாள்; ஆகவே திதிகள் 30. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர், பூச நட்சத்திரத்தின் அருகில் முழுநிலா நிற்கும் இரவிலே நடக்கிறார்கள். ராகுவும் கேதுவும்கூடக் கணிதப் புள்ளிகளே. சந்திரனுடைய பாதை சூரியனுடைய பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்துள்ளது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு இடங்களே அவை. அவ்விடங்களை ஒட்டி அமாவாசையோ பௌர்ணமியோ நேர்ந்தால் மட்டுமே கிரகணம் உண்டாகிறது. கிரகணத்தின் நேரத்தை முன்கூட்டியே கணித்தெழுதிய நமது முன்னோர் அதனைக் கண்டு அஞ்சியவர்களாக மட்டும் இருந்திருக்க முடியாது.

மூன்றாவது, ஆகர்ஷண சக்தி. நியூட்டனின் ஆப்பிள் பழம் எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் ஒரு தேங்காய் காம்பிற்று முதல் வினாடியில் சுமார் 4.9 மீட்டர் விழுகிறது. பூமியின் மையத்திலிருந்து தேங்காயைப்போல் 60 மடங்கு தூரத்திலுள்ள சந்திரனும் அதே சக்தியால் இழுக்கப்பட்டு விழுந்துகொண்டேயிருக்கிறது. ஆனால் தேங்காய் ஒரு வினாடியில் விழும் தூரத்தைச் சந்திரன் ஒரு நிமிஷத்தில் விழுகிறது. பக்கவாட்டில் அது விரைந்து செல்வதனால் நம்மேல் வந்து மோதாமல் நம்மைச் சுற்றி வருகிறது. தோப்பில் விழும் காயையும் வானில் மிதக்கும் நிலாவையும் ஒரே சட்டம் ஆள்கிறது என்பதை 12 வயதில் உணரும் குழந்தைக்கு உலகம் அன்று முதல் வேறாகிவிடும். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் நிலையத்தில் ஆகர்ஷணமே இல்லை என்னும் தவறான எண்ணமும் அகலும். அங்கும் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் மனிதரும் சேர்ந்தே விழுவதனால்தான் மிதப்பது போலத் தோன்றுகிறது.

இவையெல்லாம் கொங்கு நாட்டுக்குத் தொலைதூர விஷயங்கள் என்று எவரும் சொல்ல முடியாது. 2008-ல் சந்திரனை நோக்கிச் சென்ற நமது முதல் விண்கலமான சந்திரயானின் திட்ட இயக்குநர் ஸ்ரீ மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்து, தமிழில் படித்தவர். சந்திரனில் இறங்கும் கலத்தைச் சோதிப்பதற்கு அங்குள்ள மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தபோது, அது நாமக்கல் ஜில்லாவின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகளிலிருந்தே எடுக்கப்பட்டது. 2019-ல் தவறிய அம்முயற்சி 2023 ஆகஸ்டு 23-ந் தேதி வெற்றி பெற்றது. நிலவுக்கு ஒப்பான கல் நமது காலடியில் கிடக்க, நிலவின் பிறை ஏன் தேய்கிறது என்பதை நமது குழந்தைகள் மனப்பாடம் செய்துகொண்டிருப்பது பரிதாபம்.

இதற்குத் தமிழ் போதாது என்பாரும் உளர். கோயம்புத்தூரில் 1930-ல் ராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கிய ஸ்ரீ அவினாசிலிங்கம், 1946-ல் மாகாணக் கல்வி மந்திரியாகி, உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிப் போதனைக்கு வழிசெய்தார். அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பிரதம ஆசிரியர் ஈரோட்டுச் சீமையைச் சேர்ந்த ஸ்ரீ பெரியசாமித் தூரன்; பகத்சிங் தூக்கிலிடப்பட்டதைக் கண்டித்துப் பட்டப் பரீட்சையையே துறந்த தேசபக்தர். குழந்தைகளுக்கெனத் தனிக் கலைக்களஞ்சியமும் அவரே தொகுத்தார். இவ்வளவு செய்த கொங்கு நாட்டில் இன்று மதிப்பெண்ணுக்காகவே நடைபெறும் விடுதிப் பள்ளிகள் மலிந்து, ஆங்கிலத்தில் உருப்போட்டால் அறிவு வந்துவிடும் என்ற மயக்கம் பெருகியிருக்கிறது. சுதேசியம் கதர்த் துணியோடு முடிந்துவிடுவதன்று; தன் வானத்தைத் தன் மொழியில் அறிவதும் சுதேசியமே.

பரீட்சைக்கு நடுவே இதற்கெல்லாம் அவகாசம் ஏது என்று உபாத்தியாயர்கள் கேட்கலாம். அவர்களுடைய சுமையை நாம் அறிவோம். ஆயினும் வாரத்துக்கு ஒருநாள் உச்சிவேளையில் நிழலை அளக்க ஐந்து நிமிஷம் போதும். சந்திரனைப் பார்ப்பது வீட்டுப் பாடம். கண்ணால் கண்டதை ஒருமுறை கற்றவனுக்குத் திரும்பத் திரும்ப உருப்போடும் வேலை மிச்சமாகும். கணக்குப் பார்த்தால் நேரம் மீதியாகுமேயன்றிக் குறையாது.

ஆகவே கல்வி இலாகாவுக்கும், ஸ்தல ஸ்தாபனங்களுக்கும், பெற்றோருக்கும் சில யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம். ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் ஒரு நிழற்கம்பு நாட்டப்பட வேண்டும். அதன் அளவுகள் ஆண்டு முழுவதும் மாணாக்கராலேயே சுவரில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு மாணாக்கனும் ஒரு மாத காலம் நிலாவைப் பார்த்துக் குறிப்பேடு எழுத வேண்டும். ஆகஸ்டு 23 தேசிய விண்வெளி தினம். நிழலற்ற நாளும் அதை ஒட்டியே வருவதனால், இரண்டையும் சேர்த்துக் கொங்கு நாட்டுப் பள்ளிகள் விழாவாகக் கொண்டாடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2031-ஆம் வருஷம் மே மாதம் 21-ந் தேதியை இப்போதே குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். அன்று நடுப்பகலை ஒட்டி மறுபடி ஒரு வளைய கிரகணம் தமிழ்நாட்டின் தென்பகுதி வழியே செல்லும். கொங்கு நாட்டிலும் சூரியனின் பெரும்பகுதி மறையும். அதுவும் விடுமுறைக் காலமே. 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார் இந்திய பாஷைகளில் சிறு நூல் வெளியிட்டு ஜனங்களை முன்கூட்டியே தயார் செய்தார். அந்நியர் ஆட்சியில், அச்சு வசதி அருமையாயிருந்த காலத்தில், ஒரு தனி மனிதர் செய்ததைச் சுதந்திர நாட்டின் சர்க்கார் செய்ய இயலாதா? வெறுங் கண்ணால் சூரியனைப் பார்ப்பது கண்ணைக் கெடுக்கும் என்பதையும், தக்க வடிகட்டிக் கண்ணாடியாலும், அட்டையில் ஊசித் துளையிட்டு நிழலில் விழும் பிம்பத்தாலும் அபாயமின்றிக் காணலாம் என்பதையும் ஒவ்வொரு இல்லத்துக்கும் சொல்ல வேண்டும். அன்று பள்ளிக் கதவுகள் விடுமுறையிலும் திறக்கப்பட வேண்டும். பள்ளிக் கதவு திறந்தால் வீட்டுக் கதவும் தானே திறக்கும் என்பது நமது திடமான நம்பிக்கை.